யார் பெற்ற பிள்ளையோ

வெஸ்டர்ன் படம் என்றதும் நம் மனதில் எழுவது ஒற்றை மனிதனின் உருவம். தொப்பி, குதிரை, இடுப்பில் துப்பாக்கி; முன்கதை கிடையாது, சுற்றம் கிடையாது, சில சமயம் பெயர்கூடக் கிடையாது. அறுபதுகளில் வந்த இத்தாலிய வெஸ்டர்ன்கள் இந்த உருவத்தை ஆழமாகப் பதித்துவிட்டன. அதனால் இந்த வகைப் படங்கள் தொடக்கத்திலிருந்தே தனியாளின் வீரத்தைப் பாட வந்தவை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பேசாப்படக் காலத்து வெஸ்டர்ன்களை எடுத்துப் பாருங்கள், அவற்றில் துப்பாக்கியைவிடத் தொட்டிலுக்கு வேலை அதிகம். 1903-இல் எடிசன் கம்பெனிக்காக எட்வின் எஸ். போர்ட்டர் எடுத்த 'தி கிரேட் டிரெயின் ராபரி'யிலேயே இது தொடங்கிவிடுகிறது. கொள்ளையர்கள் ரயில் நிலையத் தந்தி ஊழியரைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறார்கள். அவருக்குச் சாப்பாடு கொண்டுவரும் சின்ன மகள்தான் கயிற்றை அறுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து அவரை எழுப்புகிறாள். அதற்குப் பிறகே ஊருக்குச் சேதி போகிறது, துரத்தல் நடக்கிறது. கொள்ளையன் ஒருவன் நம்மைப் பார்த்துச் சுடும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இந்தச் சிறுமியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். 1910-க்கும் 1928-க்கும் இடையில் வந்த நல்ல வெஸ்டர்ன்கள் மானத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தன. ஒன்று, குடும்பப் பெயர், ரத்தம், பட்டம், பரம்பரை ஆகியவற்றைக் காப்பாற்றும் மானம். மற்றது, தனக்கு எந்த உறவும் இல்லாத ஒரு குழந்தைக்காகவோ பெண்ணுக்காகவோ நின்று காட்டும் மானம். முதலாவது தலையெடுக்கும் இடத்தில் யாரோ சாகிறார்கள், பெரும்பாலும் ஒரு பெண். படங்கள் தங்கள் உண்மையான மரியாதையை இரண்டாவதற்கே கொடுத்தன. இதை எழுத்து அட்டைகளில் அவை அறிவிக்கவில்லை. கதை எப்படி முடிகிறது, கடைசியில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் வெறுங்கையோடு போகிறார்கள் என்பதில்தான் இது தெரியும். அந்தக் காலப் படங்கள் நமக்கு விட்டுச்சென்றதில் மிக மதிப்புள்ளது இந்தப் பிரிவினை என்பது என் துணிபு.

முதலில் ரத்தத்தின் மானத்தைப் பார்ப்போம். 1914 பிப்ரவரியில் வெளியான 'தி ஸ்குவா மேன்', ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படம் என்று வரலாற்றில் இடம்பிடித்தது. சிசில் பி. டெமில்லும் ஆஸ்கர் அப்ஃபெலும் இயக்கினார்கள். செல்மா தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த ஒரு கொட்டகைதான் ஸ்டுடியோ. இந்தப் பெருமையைப் பேசிப் பேசியே படம் என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டார்கள். கதை இங்கிலாந்தில், ஒரு பிரபுக் குடும்பத்தில் தொடங்குகிறது. ஒரு அநாதைக் குழந்தைகள் நிதி அந்தக் குடும்பத்தின் பொறுப்பில் இருக்கிறது. பட்டத்துக்கு உரிய ஹென்றி அந்தப் பணத்தைச் சூதாட்டத்தில் தொலைத்துவிடுகிறான். குடும்பப் பெயர் கெடக்கூடாது, ஹென்றியின் மனைவி டயானா தலைகுனியக்கூடாது என்று அவனுடைய பெரியப்பா-சித்தப்பா வழிச் சகோதரன் ஜிம் வின்னகேட் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறான். இங்கேயே ஒன்றைக் கவனியுங்கள். அநாதைகளின் பணம் போனது அந்த வீட்டில் பெரிய விஷயமாக இல்லை. பெயர் போவதுதான் பெரிய விஷயமாக இருக்கிறது. ஜிம் செய்வது பெருந்தியாகம் என்று படம் நம்மை நம்பவைக்க முயன்றாலும், அந்தத் தியாகம் யாருக்காக என்ற கேள்வியைத் தன்னையறியாமல் முதல் ரீலிலேயே எழுப்பிவிடுகிறது.

வயோமிங்கில் ஜிம்மின் உயிரைக் காப்பாற்றுகிறவள் யூட் இனத் தலைவரின் மகள் நாட்-யூ-ரிச். அவனைச் சுட வந்தவனை அவள் சுட்டுக் கொல்கிறாள். அவனை மணக்கிறாள், ஒரு மகன் பிறக்கிறான். சில ஆண்டுகள் கழித்து ஹென்றி சாகும் தறுவாயில் உண்மையை ஒப்புக்கொள்ள, பட்டம் ஜிம்மைத் தேடி வருகிறது. உடனே அவர்களுடைய மகன் ஒரு பிரபு வம்சத்தின் வாரிசு ஆகிவிடுகிறான். வாரிசு இங்கிலாந்தில் வளர வேண்டும். செவ்விந்தியத் தாய்க்கு அங்கே இடமில்லை. பழைய கொலைக்காக ஷெரிஃபும் வந்து நிற்கிறார். பிள்ளையைப் பிரிய வேண்டிய அந்தப் பெண் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். குடும்பப் பெயரைக் காக்க ஒருவன் கடல் கடந்ததில் தொடங்கிய கதை, அந்தப் பெயரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பெண்ணின் சாவில் முடிகிறது. அந்த வேடத்தில் நடித்த ரெட் விங் என்னும் லிலியன் செயின்ட் சிர், நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஹோ-சங்க் இனப் பெண். கார்லைல் பள்ளியில் படித்தவர். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து விலக்கி வெள்ளையர் முறையில் வளர்ப்பதற்காகவே 1879-இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. பிள்ளையைப் பறிகொடுக்கும் தாயாக அவர் திரையில் நிற்கும்போது, அந்தப் படத்தில் இருந்த வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே எனக்குப் படுகிறது. டெமில் இந்தக் கதையை 1918-இலும் 1931-இலும் மறுபடியும் எடுத்தார். அவ்வளவு செல்லுபடியான கதை.

இந்தக் கதைக்கு வேறு முடிவே இருக்க முடியாதா? இருந்தது, அதுவும் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே. 1910-இல் பாத்தே கம்பெனிக்காக ஜேம்ஸ் யங் டீர் இயக்கிய 'ஒயிட் ஃபான்ஸ் டிவோஷன்' பதினோரு நிமிடம்தான் ஓடும். பூர்வகுடி இயக்குநர் ஒருவர் எடுத்து இன்றும் எஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையது இதுவென்று கருதப்படுகிறது. 2008-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். கதையின் எலும்புக்கூடு கிட்டத்தட்ட அதே. ஒரு வெள்ளையன், அவனுடைய செவ்விந்திய மனைவி, ஒரு மகள், ஒரு நாள் வரும் கடிதம், அதில் ஒரு பரம்பரைச் சொத்து. புறப்பட்டுப் போனால் அவன் திரும்பமாட்டான் என்று அஞ்சும் மனைவி கத்தியால் தன்னைக் குத்திக்கொள்கிறாள். ஓடிவந்து கத்தியைக் கையில் எடுக்கும் தந்தையைப் பார்க்கும் மகள், அவனே கொன்றுவிட்டான் என்று நினைத்து ஊரைக் கூட்டுகிறாள். ஊர் அவனைத் துரத்திப் பிடிக்கிறது. தீர்ப்பின்படி அவனைக் கொல்ல வேண்டியது மகளே. கத்தி அந்தக் குழந்தையின் கையில் கொடுக்கப்படுகிறது. அவள் மறுக்கிறாள். அதற்குள் சாகாமல் பிழைத்த தாய் வந்து சேர்ந்து உண்மையைச் சொல்கிறாள். கணவன் சொத்தை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இருந்துவிடுகிறான்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கொலைக்குக் கொலை என்னும் ரத்தக் கணக்கு யங் டீரின் படத்திலும் இருக்கிறது, அதுவும் பூர்வகுடிகளின் சட்டமாகவே இருக்கிறது; அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்கச் சொல்லிக் கத்தி கொடுக்கப்பட்ட குழந்தை 'மாட்டேன்' என்கிறது. கணவனைத் தேடி வந்த பரம்பரைச் சொத்து தோற்கிறது. டெமிலின் படத்தில் பரம்பரை ஜெயிக்கிறது, தாய் தோற்கிறாள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யங் டீரும் ரெட் விங்கும் கணவன் மனைவி. தாய் பிழைத்திருக்கும் கதையை எடுத்தவர் கணவர். நான்கு ஆண்டுகளுக்குள் தாய் சாகும் கதையில் நடிக்க வேண்டியிருந்தது மனைவிக்கு. இதற்கு மேல் நான் எதையும் ஊகிக்க விரும்பவில்லை. ஆனால் பேசாப்பட வெஸ்டர்ன் எந்தப் பக்கம் போயிருக்கலாம், எந்தப் பக்கம் போயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ரத்த மானத்தின் மிகக் கொடிய முகம் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி பேட்டில் அட் எல்டர்புஷ் கல்ச்' படத்தில் இருக்கிறது. 1913-இல் எடுத்த இரண்டு ரீல் படம். முற்றுகையிடப்பட்ட குடிசைக்குள் லிலியன் கிஷ் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கைக்குழந்தை எங்கே என்று தெரியவில்லை. அப்போது திரையின் விளிம்புக்கு வெளியிலிருந்து ஒரு கை நீள்கிறது. அதில் துப்பாக்கி. அது குறிவைப்பது வெளியே இருக்கும் எதிரியை அல்ல, அவருடைய தலையை. செவ்விந்தியர் கையில் சிக்குவதற்கு முன் அவளைக் கொன்றுவிடுவது மானம் என்று அந்தக் கைக்குச் சொந்தக்காரர் நினைக்கிறார். முகம் காட்டப்படவில்லை. அவளுடைய விருப்பம் கேட்கப்படவும் இல்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது. குதிரைப்படை வந்துவிடுவதால் அவள் பிழைக்கிறாள். இந்தக் கடைசித் தோட்டா பிறகு எத்தனையோ படங்களில் திரும்பி வந்தது; 1939-இல் 'ஸ்டேஜ்கோச்'சிலும் வந்தது.

அதே படத்தில் இன்னொரு நேர்மையற்ற கணக்கு இருக்கிறது. சண்டை மூண்டதே ஒரு நாய்க்குட்டியை ஒட்டிய தகராறில் வெள்ளைக்காரர் ஒருவர் செவ்விந்தியத் தலைவரின் மகனைச் சுட்டுக் கொன்றதால்தான். மகனுக்காகத் தந்தை பழிவாங்க வருவது வெள்ளையர் கதையில் கௌரவம். இங்கே அதையே காட்டுமிராண்டித்தனமாகக் காட்டுகிறார்கள். கிரிஃபித் இதை உணர்ந்து எடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய கதையிலேயே இதற்கு மாற்று நிற்கிறது. மே மார்ஷ் நடிக்கும் சாலி ஒரு அநாதைச் சிறுமி. மாமன்களின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். குழந்தை அவளுக்கு எந்த வகையிலும் உறவில்லை. குடிசைக்குள் ஆண்கள் துப்பாக்கியும் கையுமாக இருக்கும்போது அவள்தான் சுவரிலுள்ள ஒரு சிறு திறப்பு வழியாகத் தவழ்ந்து வெளியே போய், சண்டைக்கு நடுவிலிருந்து அந்தக் கைக்குழந்தையை எடுத்துவருகிறாள். ஒரு கை தாயின் தலைக்குக் குறிவைக்கிறது, இன்னொரு கை யாரோ பெற்ற பிள்ளையை அள்ளிக்கொண்டு வருகிறது. இரண்டு மானமும் ஒரே குடிசையில் இருக்கின்றன.

இந்த இரண்டாவது மானத்தைத் தொடர்ந்து வளர்த்தெடுத்தவர் என்று முதலில் ஜி. எம். ஆண்டர்சனைச் சொல்ல வேண்டும். எஸ்ஸனே கம்பெனியின் பங்குதாரர், 'பிராங்கோ பில்லி' என்ற பாத்திரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குறும்படங்களில் நடித்தவர். 1910-இல் வந்த 'பிராங்கோ பில்லீஸ் ரிடெம்ப்ஷன்' அந்த வார்ப்பை உறுதிசெய்தது. தேடப்படும் திருடன் ஒருவன் வழியில் நோயுற்றுக் கிடக்கும் ஒரு தந்தையையும் மகளையும் பார்க்கிறான். ஊருக்குக் கொண்டுபோனால் தான் பிடிபடுவான். கொண்டுபோகிறான். அவ்வளவுதான் கதை. பீட்டர் பி. கைன் எழுதிய 'தி த்ரீ காட்ஃபாதர்ஸ்' கதை இதையே பாலைவனத்துக்குக் கொண்டுபோயிற்று. வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு ஓடும் மூவர், சாகும் தறுவாயிலுள்ள ஒரு தாயிடம் அவளுடைய பச்சிளம் குழந்தையைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுக்கிறார்கள். அந்த வாக்குக்காக உயிரையும் கொடுக்கத் துணிகிறார்கள். 1916-இல் ஒரு முறை, 1919-இல் ஜான் ஃபோர்டின் கையால் 'மார்க்ட் மென்' என்று இன்னொரு முறை இது பேசாப்படமாயிற்று. இரண்டிலும் ஹாரி கேரி. ஃபோர்டின் அந்தப் படம் இன்று கிடையாது. 1918-இல் வந்த 'தி லேடி ஆஃப் தி டகவுட்' இன்னும் விசித்திரம். உண்மையிலேயே ரயில் கொள்ளைக்காகச் சிறை சென்ற ஆல் ஜென்னிங்ஸும் அவருடைய சகோதரர் ஃபிராங்கும் தங்களாகவே நடித்து, குடிகாரக் கணவனோடு மண்குடிலில் பசித்துக் கிடக்கும் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் உதவுவதாக எடுத்த படம். ஒரு கொள்ளைக்காரர் தன் வாழ்க்கையைத் திரையில் சொல்ல வாய்ப்புக் கிடைத்தபோது, தன் மானத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவந்தது தன் குடும்பப் பெயரையோ துப்பாக்கித் திறமையையோ அல்ல. பசித்த ஒரு அந்நியக் குழந்தைக்குச் சோறு போட்டதைத்தான் கொண்டுவந்தார்.

1917-இல் வந்த 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்', ஃபோர்டின் முதல் முழுநீளப் படம். பல காலம் தொலைந்துபோனதாக நினைத்திருந்து, அறுபதுகளில் செக் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. பண்ணை முதலாளி ஒருவர் ஒரு விவசாயக் குடும்பத்தை விரட்ட செயென் ஹாரி என்ற கூலித் துப்பாக்கிக்காரனை அனுப்புகிறார். ஹாரி போய்ச் சேரும்போது அந்தத் தந்தையும் மகளும் சுட்டுக் கொல்லப்பட்ட பையனைப் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போன பையன் அவன். ஹாரி அந்தக் குழிமேட்டருகே நின்று பார்க்கிறான். கூலி வாங்கிய கட்சியை விட்டு விலகுகிறான். அவனுக்கும் அந்தப் பையனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் இருக்கும் பக்கம், பணம் கொடுத்தவன் பக்கம். எஜமானுக்கு விசுவாசம் என்ற பழைய மானமும் இங்கே உடைகிறது என்பதால் எனக்கு இந்தக் காட்சி மிகப் பெரியதாகத் தெரிகிறது. ஹாரி கேரியின் நடிப்பில் ஆர்ப்பாட்டமே கிடையாது. ஒரு கையால் மற்றொரு கையின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நிலையை ஜான் வெய்ன் பல ஆண்டுகள் கழித்து 'தி சர்ச்சர்ஸ்' படத்தின் முடிவில் அவர் நினைவாகவே எடுத்தாண்டார்.

வில்லியம் எஸ். ஹார்ட்டின் படங்களில்தான் இந்தச் சிந்தனை முதிர்கிறது. 1916-இன் 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' படத்தில் ஊருக்குப் புதிதாக ஒரு பாதிரியும் அவருடைய தங்கையும் வருகிறார்கள். தங்கைக்கு இயற்கையான காவல் அண்ணன்தான், அதுவும் அருள்வாக்குச் சொல்லும் அண்ணன். அந்த அண்ணன் மதுவில் விழுந்து, தன் தேவாலயத்தையே கொளுத்தும் கும்பலோடு சேர்ந்துவிடுகிறான். அவர்களை விரட்ட வந்த ரவுடி பிளேஸ் டிரேசிதான் கடைசியில் அவளுக்காக நிற்கிறான். 1920-இன் 'தி டோல் கேட்' இன்னும் கூர்மையானது. கொள்ளைத் தலைவன் பிளாக் டீரிங்கைக் கூட்டாளி ஜோர்டன் காட்டிக்கொடுத்துவிடுகிறான். தப்பி ஓடும் வழியில், துரத்துகிறவர்கள் நெருங்கும் நேரத்தில், ஆற்றில் மூழ்கும் ஒரு சிறுவனை டீரிங் இறங்கிக் காப்பாற்றுகிறான். சிறுவனின் தாய் அவனுக்கு அடைக்கலம் தருகிறாள். பிறகுதான் தெரிகிறது, அவள் ஜோர்டன் கைவிட்ட மனைவி, சிறுவன் ஜோர்டனின் மகன். ரத்தக் கணக்குப் பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. எதிரியின் மனைவியும் பிள்ளையும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். தகப்பன் செய்ததற்குப் பிள்ளை பொறுப்பில்லை, கணவன் செய்ததற்கு மனைவி பொறுப்பில்லை என்ற முடிவுக்கு டீரிங் வரும் அந்தப் பகுதிதான், மொத்தப் பேசாப்பட வெஸ்டர்னிலும் நான் முதலிடம் தரும் பகுதி. ஜோர்டனை அவன் கொல்கிறான், உண்மை. ஆனால் அந்தக் குடும்பத்தை எடுத்துக்கொள்வதில்லை. எல்லை தாண்டித் தனியாகப் போய்விடுகிறான். ஹார்ட்டின் முகத்தை மரம்போன்ற முகம் என்று குறைசொல்பவர்கள், சிறுவனுக்கு எதிரில் அந்த முகம் என்ன ஆகிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

இங்கே நியாயமான மறுப்புகள் எழும். முதலாவது: இதெல்லாம் வியாபாரம். தணிக்கைக்குப் பயந்து கொள்ளைக்காரனுக்குக் குழந்தைப் பாசத்தைப் பூசினார்கள், அவ்வளவுதான் என்று சொல்லலாம். இதில் உண்மை இருக்கிறது. சிகாகோ நகரம் 1907-இல் படங்களுக்குக் காவல்துறை அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டது. அதை எதிர்த்த வழக்கில் 1909-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் அனுமதி மறுக்கப்பட்ட படங்களில் ஒன்று ஜெஸ்ஸி ஜேம்ஸ் சகோதரர்களைப் பற்றியது. 'தி ஜேம்ஸ் பாய்ஸ் இன் மிசூரி' என்று அப்படி ஒரு படத்தை 1908-இல் எடுத்தது இதே எஸ்ஸனே கம்பெனிதான். தீர்ப்பு வந்த அடுத்த ஆண்டே அங்கிருந்து மனம் திருந்தும் பிராங்கோ பில்லி வருவதைத் தற்செயல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பயம் ஒரு மாற்றத்தைக் கேட்கும். எந்த மாற்றம் என்று அது சொல்லாது. கொள்ளைக்காரனைக் கடைசியில் தூக்கிலிட்டிருக்கலாம், ஷெரிஃபையே நாயகனாக்கியிருக்கலாம், வயதான தாயின் கண்ணீரில் அவனைத் திருத்தியிருக்கலாம். இந்த வழிகளிலும் படங்கள் வந்தன. ஆனால் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு, நினைவில் நின்றது யாரோ ஒருவரின் குழந்தைக்காக அவன் தன்னை ஒப்புக்கொடுக்கும் வழி. அதைத் தேர்ந்தெடுத்ததில் கலைஞர்களுக்கும் பங்கு உண்டு, பார்வையாளர்களுக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. காப்பாற்றப்படும் அந்தக் குடும்பம் எப்போதும் வெள்ளையர் குடும்பம், அது குடியேறும் மண் பறிக்கப்பட்ட மண். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் நிலத்தைக் குடும்பத் தலைவர்களுக்கும் 21 வயது நிறைந்தவர்களுக்கும் கொடுத்தது. குடும்பம் என்பதே நிலத்தின்மேல் உரிமை கொண்டாடும் வடிவமாயிற்று. ஃபோர்டின் '3 பேட் மென்' (1926) டகோட்டாவில் நிலம் பிடிக்க ஓடும் ஓட்டத்தைப் பிரமாண்டமாகக் காட்டுகிறது. அந்தப் பகுதியின் பிளாக் ஹில்ஸ் மலை 1868 ஒப்பந்தப்படி சூ மக்களுக்கு உரியது. அங்கே தங்கம் கிடைத்ததும் 1877-இல் எடுத்துக்கொண்டார்கள். உரிய இழப்பீடு தராமல் எடுத்தது தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1980-இல் சொன்னது. படத்தில் இதன் சாயல்கூடக் கிடையாது. ஆக, ரத்த உறவைத் தாண்டிய அந்த மானம் இன எல்லையில் வந்து நின்றுவிட்டது. சில படங்கள் அந்த எல்லையைத் தொட்டுப் பார்த்தன. தாமஸ் இன்ஸ் 1912-இல் தயாரித்த 'தி இந்தியன் மசாக்கர்' படத்தில் தன் குழந்தையை இழந்த செவ்விந்தியத் தாய், தன்னிடம் கொண்டுவரப்பட்ட வெள்ளைக் குழந்தையை அதன் தாயிடமே திருப்பிக் கொடுக்கிறாள். இதிலும் கொடுப்பவள் பூர்வகுடித் தாய்தான், பெறுகிறவள் வெள்ளைத் தாய்தான். எதிர்த் திசையில் ஒரு குழந்தை திரும்பிப்போன கதை அபூர்வம். இந்தக் குறை என் வாதத்தை வீழ்த்துகிறதா? அதன் பரப்பைச் சுருக்குகிறது. அந்தப் படங்கள் கண்டுபிடித்த அளவுகோலை எடுத்து அவற்றையே அளந்தால், அவை எங்கே தவறின என்று அந்த அளவுகோலே காட்டிவிடுகிறது.

பழிவாங்கும் கதைகள் இல்லையா என்று மூன்றாவதாகக் கேட்கலாம். இருக்கின்றன. ஃபோர்டின் 'தி அயர்ன் ஹார்ஸ்' (1924) எனக்கு எதிரான சாட்சி. தந்தையைக் கொன்றவனைக் கையில் விரல்கள் இல்லாததை வைத்து மகன் அடையாளம் கண்டு தீர்க்கும் கதை. பெரும் பணம் போட்டு எடுத்த காவியப் படங்களில் ரத்தம் மறுபடியும் நடுவுக்கு வந்துவிட்டது. ஆனால் இரண்டே ஆண்டு கழித்து அதே ஃபோர்ட் '3 பேட் மென்'னில் என்ன செய்தார் பாருங்கள். புல் ஸ்டான்லி தன் தங்கையைக் கெடுத்தவனைத் தேடும் அண்ணன். மரபான கதை அந்தத் தேடலிலேயே நிலைத்திருக்கும். இங்கே புல்லும் இரண்டு கூட்டாளிகளும் குதிரை திருட வந்த இடத்தில், தந்தையைப் பறிகொடுத்த லீ என்ற பெண் அழுதுகொண்டிருப்பதைப் பார்க்கிறார்கள். திருட வந்தவர்கள் அவளுக்குத் துணையாகிவிடுகிறார்கள். அவளுக்கு மாப்பிள்ளைகூடத் தேடுகிறார்கள். கடைசியில் ஒருவர் பின் ஒருவராகச் சாவது அந்த இளம் தம்பதி தப்பிப் போவதற்காக. அந்தத் தம்பதியின் குழந்தைக்கு மூவரின் பெயரையும் வைக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் பெயர் ரத்த உறவில்லாத மூன்று கொள்ளைக்காரர்களிடமிருந்து வருகிறது! குடும்பப் பெயருக்காக ஒருத்தி செத்த 'தி ஸ்குவா மேன்' வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இது நடந்திருக்கிறது.

எஞ்சியிருக்கும் சில படங்களை வைத்து இவ்வளவு பேசலாமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912-க்கும் 1929-க்கும் இடையில் வெளியான சுமார் 11,000 முழுநீளப் படங்களில் முழுமையாக, மூல வடிவில் இருப்பவை 14 விழுக்காடு. அதனால் 'எல்லாப் படங்களும் இப்படித்தான்' என்று நான் சொல்லவில்லை. சிறந்தவை என்று நம்மிடம் இருப்பவற்றில் இந்த ஓட்டம் உறுதியாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இதெல்லாம் பெண்ணை வெறும் காப்பாற்றப்படும் பொருளாக்குகிறது என்று சொல்வோருக்கு என் பதில் 'தி விண்ட்'. 1928-இல் விக்டர் சீஸ்ட்ராம் இயக்கி, பிரான்சிஸ் மேரியன் திரைக்கதை எழுதிய படம். வர்ஜீனியாவிலிருந்து வரும் லெட்டியாக லிலியன் கிஷ், அதாவது எல்டர்புஷ் குடிசையில் தலைக்குமேல் துப்பாக்கி நீட்டப்பட்ட அதே நடிகை. அடைக்கலம் தந்த உறவுக்காரர் வீட்டில், அவருடைய மனைவியின் பொறாமையால் இடமில்லாமல் போகிறது. வேறு வழியின்றி லைஜ் என்பவரை மணக்கிறாள். அவளுக்குத் தன்மேல் விருப்பமில்லை என்று தெரிந்ததும் லைஜ் இனி அவளைத் தொடமாட்டேன் என்கிறான். பணம் சேர்த்து அவளை ஊருக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்கிறான். அவன் இல்லாத ஒரு புயல் இரவில் ராடி என்பவன் வீடு புகுந்து அவளைச் சீரழிக்கிறான். விடிந்ததும் தன்னோடு வரச் சொல்லி நெருக்குகிறவனை அவளே சுடுகிறாள், மணலில் புதைக்கிறாள். திரும்பி வரும் கணவனிடம் சொல்லியும் விடுகிறாள். பழைய மானத்தின்படி அங்கே அவள் கதை முடிந்திருக்க வேண்டும். டாரதி ஸ்கார்பரோவின் மூல நாவலில் அவள் புயலுக்குள் நடந்துபோய் மறைகிறாள். படத்தில் லைஜ் அந்த இரவைப் பற்றி விசாரணை நடத்துவதில்லை. நியாயமான கொலையைக் காற்றே மூடிவிடும் என்ற பொருளில் ஆறுதல் சொல்கிறான். இருவரும் கதவைத் திறந்துவைத்துப் புயலுக்கு எதிரே நிற்கிறார்கள்.

இந்த முடிவு ஸ்டுடியோ திணித்த மகிழ்ச்சி என்றும், நாவலின் முடிவே கலைநயம் மிக்கது என்றும் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். நான் உடன்படவில்லை. சீரழிக்கப்பட்ட பெண் செத்தால்தான் கதை கம்பீரமாக முடியும் என்ற எண்ணமே பழைய ரத்த மானம் நம் ரசனைக்குள் விட்டுச்சென்ற மிச்சம். யார் திணித்திருந்தாலும், அவளை உயிரோடு வைத்த முடிவுதான் சரியான முடிவு.

இந்தப் படங்களில் பெரும்பாலானவை காப்புரிமைக் காலம் முடிந்தவை; இணையத்தில் தேடினால் கிடைக்கும். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்றால் 'ஒயிட் ஃபான்ஸ் டிவோஷன்' ஒன்றை மட்டுமாவது பாருங்கள். பதினோரு நிமிடம்தான். கத்தியைப் பயன்படுத்த மறுக்கும் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு 'தி ஸ்குவா மேன்' பாருங்கள். எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.